குடும்ப விஷயம், நீக்கப்பட்டது

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க சித்தி பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. சொல்லட்டும், உண்மைதானே. ஆனா இப்ப சொல்லப் போற விஷயத்துல நான் கோவப்பட வேண்டிய ஒரே ஆள் நான்தான். திட்டுறதுக்கு வேற ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்களான்னு நானும் தேடிப் பார்த்துட்டேன். கிடைக்கல.

நான் படிச்சது சமூக, பண்பாட்டு வரலாறு. நாலு வருஷப் படிப்பு. அதுல மூணாவது வருஷத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்ணுல படிச்சுட்டு வரணும். எங்க குடும்பத்துல காலேஜ் வாசல்ல கால் வச்ச முதல் ஆள் நான், அதுலயும் இப்படி ஒரு படிப்பு. சித்திக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு.

“ராஜா ராணி கதையெல்லாம் படிச்சு என்னடி பண்ணப் போற?”

“ராஜா ராணி இல்ல சித்தி. அந்த ராஜா வீட்டுல துணி துவைச்சாங்க பாரு, அவங்க கதை.”

“அதுக்கு எதுக்கு வெளிநாடு? உங்கம்மாவைக் கேளு, விடிய விடியச் சொல்லுவா.”

அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல இருபத்தாறு வருஷமா வேலை பார்க்கிறா. அப்பா நான் நாலாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் அம்மா, நான், அடுத்த தெருவுல சித்தி, அவ்வளவுதான் எங்க உலகம். சித்தி கிண்டலுக்குத்தான் சொன்னா. நான் அதையே கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது வருஷக் கடைசியில ஒரு பாடம் உண்டு. சாதாரண ஜனங்களைப் பேச வச்சு, பதிவு பண்ணி, அதை எழுத்தாக்கி, அதுல இருந்து வரலாறு எழுதறது எப்படின்னு ஒரு மேடம் சொல்லிக்குடுத்தாங்க. ஒரு தொழிலாளியை ஆறு மணி நேரம் பேட்டி எடுக்கணும். அதை வச்சுத்தான் வெளிநாட்டுல இருக்கும்போது பெரிய கட்டுரை எழுதணும். மத்தவங்க எல்லாம் ஆள் தேடி அலைஞ்சாங்க. எனக்கு அடுப்படியிலயே ஆள் இருந்துச்சு.

மூணு ஞாயித்துக்கிழமை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மணி நேரம். காலேஜ்ல குடுத்த பதிவுக் கருவி ஒரு சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில வச்சேன். ஃபிரிட்ஜ் சத்தம் கேட்குதுன்னு பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மறுபடி போட மறந்துட்டேன், பால் கெட்டுப் போச்சு. “வரலாறு படிக்கிறேன்னு என் பாலைக் கெடுத்துட்டியே”ன்னு அம்மா ஒரு வாரம் சொல்லிக் காட்டினா.

முதல் நாள் அம்மா அந்தக் கருவியைப் பார்த்து விறைச்சுப் போய் உட்கார்ந்திருந்தா. “வணக்கம். நான் சலவைக் கூடத்தில் பணியாற்றி வருகிறேன்”னு செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பிச்சா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

“அம்மா, எங்கிட்ட எப்பவும் பேசுவியே, அப்படிப் பேசு.”

“எப்பவும் உன்னைத் திட்டிக்கிட்டுதானே இருப்பேன்? இதுல திட்டலாமா?”

அரை மணி நேரத்துல பழகிட்டா. அப்புறம் யார் நிறுத்தறது? மூட்டை மூட்டையா வர்ற போர்வைகளை எப்படிப் பிரிக்கிறது, மடிப்புக்குள்ள ஊசி கிடந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது, பெரிய விரிப்பை ரெண்டு பேரா மடிக்கும்போது எதிரெதிரே நடந்து வந்து எந்த இடத்துல மூலையை மாத்திக்கணும், எல்லாம் சொன்னா. துணி தேய்க்கிற இயந்திரம் சுட்ட தழும்பு முழங்கை வரைக்கும் இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் தேதி சொன்னா. கையுறை குடுக்காமலே தொற்று வார்டு துணியைப் பிரிக்கச் சொன்ன மேற்பார்வையாளரைப் பத்தியும் சொன்னா. அந்த ஆளைக் கிழி கிழின்னு கிழிச்சா. கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதிச்சுது, கூடவே கட்டுரை நல்லா வரும்னு சந்தோஷமாவும் இருந்துச்சு. வெட்கம்கெட்ட சந்தோஷம்.

ஆனா அம்மா நடு நடுவுல வேற எங்கயாவது போயிடுவா. என் காய்ச்சல், அப்பாவோட குறட்டை, சித்தி சின்ன வயசுல திருடித் தின்னது. நான் விடமாட்டேன். “அம்மா, அதெல்லாம் வேண்டாம். வேலையைப் பத்தி மட்டும்.” எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியும், ஏன்னா நானே பின்னாடி டைப் பண்ணினேன். முப்பத்தேழு தடவை.

மூணாவது ஞாயிறு, முடியப் போற நேரம். என் போன் அடிச்சுது. விசா அலுவலகத்துல இருந்து. அதை எடுக்காம விட்டா இன்னொரு மாசம் காத்துக்கிட்டு இருக்கணும். “நீ பேசிக்கிட்டே இரும்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு”ன்னு கருவியைக் காட்டிட்டு வெளிய மாடிப்படிக்கு ஓடினேன். அவங்க என்னைக் காக்க வச்சு, பாட்டுப் போட்டு, மறுபடி காக்க வச்சு, கடைசியில ஒரு தேதி குடுத்தாங்க. நான் குதிச்சுக்கிட்டு உள்ள வந்தேன்.

அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வரல. நீ வெளிய போனியா, இதுகிட்ட சொல்லிட்டேன். அப்புறமா நீ தனியா கேட்டுக்கோ.”

“சரிம்மா. விசா தேதி குடுத்துட்டாங்க!”ன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

பேட்டி முடிஞ்சதும் ஒப்புதல் படிவம்னு ஒண்ணு உண்டு. மூணு கட்டம் இருக்கும். பதிவைக் காலேஜ் காப்பகத்துல வச்சுக்கலாமா, பேரை மறைச்சு வச்சுக்கலாமா, இல்ல எழுத்தாக்கின ஆறு மாசத்துல அழிச்சிடணுமா. பேசினவங்கதான் டிக் போடணும். அம்மா பேனாவை என் கையில குடுத்தா.

“எது நல்லதோ அதுல போடு.”

எனக்கு அந்த மேற்பார்வையாளர் நினைப்பு. அம்மா ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. குரலை எவனாவது அடையாளம் கண்டுபிடிச்சா வேலைக்கே உலை வச்சிடுவான். அதனால மூணாவது கட்டத்துல போட்டேன். அழிச்சிடணும்.

“இதை வேற யாரும் கேட்க மாட்டாங்களே?”ன்னு அம்மா கேட்டா.

“யாரும் கேட்க மாட்டாங்க. ஆறு மாசத்துல நானே அழிச்சிடுவேன்.”

“நீ கேட்டதுக்கு அப்புறம்தானே?”

“ஆமாம்மா.”

“அப்ப சரி”ன்னு கையெழுத்துப் போட்டா. அந்தப் படிவம் இன்னும் எங்கிட்ட இருக்கு.

ஒரு மணி நேரப் பேச்சை டைப் பண்ண எட்டு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் பண்ணிக்கோங்க. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்துச்சு. மேடம் எங்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தாங்க. தலைப்புக்குச் சம்பந்தமில்லாததை எழுத வேண்டாம், எந்த நிமிஷத்துல இருந்து எந்த நிமிஷம் வரைக்கும்னு அடைப்புக்குள்ள குறிச்சாப் போதும், வேணும்னா பதிவுல கேட்டுக்கலாம். நல்ல வழிதான். பதிவு இருக்கும்ங்கிற தைரியத்துல சொன்ன வழி.

கடைசிக் கோப்புல நாற்பத்தொண்ணாவது நிமிஷம் வந்துச்சு. என் செருப்புச் சத்தம் போகுது. கதவு. அப்புறம் அம்மா தொண்டையைச் செருமிக்கிட்டு, “இங்க பாரு பாப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு...”ன்னு ஆரம்பிச்சா.

என் விரல் தானாவே வேகமா ஓட்டுற பொத்தானுக்குப் போச்சு. அம்மா குரல் கீச்சுக் கீச்சுன்னு ஓடுச்சு. “வந்துட்டேன்மா”ன்னு என் குரல் வர்ற வரைக்கும் ஓட்டினேன். டைப் பண்ணினேன்.

[41–52: குடும்ப விஷயம். நீக்கப்பட்டது.]

விமானத்துல நிதானமா கேட்டுக்கலாம்னு நினைச்சேன். விமானத்துல தூங்கிட்டேன்.

போன இடத்துல விடுதி அறை ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெருசு. கட்டில்ல உட்கார்ந்தா எதிர்ச் சுவத்துல முட்டி இடிக்கும். முதல் மாசம் முழுக்க அழுகை. வகுப்புல எல்லாரும் வாய் கிழியப் பேசினாங்க, எனக்கு அவங்க மொழியில கோவப்படக்கூட வார்த்தை வரல. ஞாயித்துக்கிழமையானா அம்மாவைக் கூப்பிடுவேன். அவகிட்ட பட்டன் வச்ச பழைய போன்தான். படம் தெரியாது, குரல் மட்டும்.

மூணாவது வாரம்னு நினைக்கிறேன். அம்மா கேட்டா, “பாப்பா, கேட்டியா?”

“எதை?”

“அதான். நான் பேசினது.”

“ஓ, கேட்டேன்மா. எல்லாத்தையும் டைப் பண்ணி குடுத்துட்டேனே.”

“கோவம் இல்லையே உனக்கு?”

“எதுக்கு கோவம்? மேடமே பாராட்டினாங்க தெரியுமா?”

“ஐயையோ, மேடமும் கேட்டாங்களா?”

“கேட்கல, படிச்சாங்க. உங்கம்மா ரொம்ப தைரியசாலின்னு சொன்னாங்க.”

அம்மா அழறது கேட்டுச்சு. பொண்ணு தூரத்துல இருக்காளேன்னு அழறான்னு நினைச்சேன். நான் சலவைக் கூடத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், அவ வேற எதையோ பத்திப் பேசிக்கிட்டு இருக்கா. ஒரு நிமிஷம் நின்னு, நீ எதைம்மா கேட்கிறன்னு கேட்டிருந்தா இன்னிக்கு நான் இப்படி உட்கார்ந்து புலம்ப வேண்டாம். கேட்கல.

அன்னிலேர்ந்து அம்மா குரலே மாறிடுச்சு. சின்னப் பொண்ணு மாதிரி சிரிப்பா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடிக்கிட்டே சமைக்கிறாளாம், சித்தி சொன்னா. “உங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி, திட்டினாக்கூட சிரிக்கிறா.”

அந்த ஊர் ஆவணக் காப்பகத்துல எனக்கு ஒரு இடம் குடுத்தாங்க. பேனா கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும்தான். பைகூட வெளிய. நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பெரிய வீட்டுல துணி வெளுத்த பொண்ணு தன் தங்கச்சிக்கு எழுதின கடிதங்கள் அங்க இருந்துச்சு. அசல் இல்ல. அந்த வீட்டுக் குமாஸ்தா எடுத்த நகல். சோப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, மழை நாள்ல துணியை எங்க உலர்த்தினாங்க, எல்லாத்தையும் அந்த ஆள் அழகா எழுதியிருந்தான். நடு நடுவுல மட்டும் ஒரு வரி. “இங்கே சொந்த விஷயங்கள், விடப்பட்டன.”

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அந்தப் பொண்ணு தங்கச்சிகிட்ட என்ன சொன்னா? பயந்தாளா, யாரையாவது காதலிச்சாளா, பிள்ளை பெத்தாளா? சாம்பல் கணக்கு எவனுக்கு வேணும்? நான் அதையே வகுப்புல உரையா பேசினேன். உடைஞ்ச மொழியில, மேசையைத் தட்டித் தட்டி. ஒருத்தியோட வாழ்க்கையில எது முக்கியம்னு முடிவு பண்ண இந்தக் குமாஸ்தா யாருன்னு கேட்டேன். பேசி முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. அந்த வருஷத்துலயே எனக்கு சந்தோஷமா இருந்த நாள் அதுதான். பெருமை பிடிபடாம நடந்து போனேன்.

அடுத்த மாசம் காலேஜ்ல இருந்து நினைவூட்டல் வந்துச்சு. பதிவுகளை அழிக்க வேண்டிய நாள். நூலகத்துல உட்கார்ந்து ஒவ்வொரு படியா பண்ணினேன். கணினியில இருந்து, போன்ல இருந்து, நகல் வச்சிருந்த பென்டிரைவ்ல இருந்து. வெறுமனே அழிச்சா மீட்டுடலாமாம், அதனால மேல மூணு தடவை வேற எதையாவது எழுதி அழிக்கணும்னு விதி. அதையும் பண்ணினேன். அந்தக் கடைசிக் கோப்பு மேல விரல் ஒரு நொடி நின்னுச்சு. ஏதோ கேட்கணும்னு இருந்தேனே? அஞ்சு மணிக்கு நூலகத்தைப் பூட்டிடுவாங்க. அழிச்சேன். சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மேடம் பதில் போட்டாங்க. “இத்தனை மாணவர்கள்ல குறிச்ச தேதியில ஒழுங்கா அழிச்சது நீ ஒருத்திதான்.”

சரியா இருபத்துமூணு நாள் கழிச்சு சித்தி கூப்பிட்டா. மூச்சு வாங்குது. “அம்மா விழுந்துட்டாடி. இயந்திரத்துப் பக்கத்துலயே விழுந்துட்டா.”

வருஷம் முடிய மூணு மாசம் பாக்கி. விட்டுட்டு ஓடி வந்தேன்.

மூளையில இடது பக்கம் ரத்தம் கட்டிடுச்சு. வலது கையும் காலும் வரல. பேச்சு போயிடுச்சு. போச்சுன்னா முழுசா போகல. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்துச்சு. சரி. நான் வார்டுக்குள்ள நுழைஞ்சதும் என்னைப் பார்த்து, கண்ணுல தண்ணி வழிய, “சரி, சரி, சரி”ன்னா. படுக்கையில விரிச்சிருந்த விரிப்பு அவ கையால எத்தனை தடவை மடிச்சதோ.

பேச்சுப் பயிற்சி குடுக்க வந்தவங்க நல்ல மாதிரி. எல்லாத்தையும் பொறுமையா விளக்கினாங்க. நாம சொல்றது அம்மாவுக்குப் புரியும். என்ன சொல்லணும்னும் தெரியும். வாய்க்கு வரும்போது வேற வார்த்தை வராது, இது ஒண்ணுதான் வரும். எழுதவும் வராது, எழுத்தும் அதே இடத்துல இருந்துதான் வரணும். தலையாட்டுறதைக்கூட நம்ப முடியாது, வேண்டாம்னு நினைச்சா ஆமான்னு ஆடும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

அப்புறம் கேட்டாங்க, “அம்மா பேசின பதிவு ஏதாவது இருக்கா? அவங்க குரலை அவங்களே கேட்டா நல்லது. எந்த வார்த்தை அவங்களுக்கு அதிகம் பழக்கம்னு எனக்கும் தெரியும்.”

படுத்திருந்த அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தா. முகமெல்லாம் வெளிச்சம். இடது கையால தன் நெஞ்சைத் தொட்டா, காதைத் தொட்டா, என்னைக் காட்டினா. “சரி! சரி!” இவகிட்ட இருக்கு, கொண்டு வருவான்னு சொல்றா. அது எனக்குப் புரிஞ்சுது.

“கொண்டு வரேன்”னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

அன்னிக்குத்தான் வீட்டுல அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நூத்தி எண்பது பக்கம். கடைசிக்கு முந்தின பக்கத்துல என் கையால அடிச்ச அந்த ஒரு வரி. அப்பத்தான் எல்லாம் உறைச்சுது. அம்மா கேட்டியான்னு கேட்டது, கோவம் இல்லையேன்னு கேட்டது, அழுதது, அப்புறம் பாடினது. அடிப்பாவி, அந்தக் குமாஸ்தாவுக்காவது அது யாரோ ஒருத்தி.

மேடம்கிட்ட ஓடினேன். காலேஜ்ல நகல் இருக்குமான்னு கேட்டேன். அவங்க என் தலையைத் தடவிக்கிட்டே இல்லைன்னாங்க. “நீதானே சான்றிதழ் அனுப்பின? நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா, விதிப்படிதான் பண்ணின.” தப்பு பண்ணலைங்கிறதை விடக் கொடுமையான வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்ல. கணினி ரிப்பேர் கடையில ஒருத்தர் ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். “இவ்வளவு சுத்தமா அழிக்க யாருங்க சொல்லிக்குடுத்தது?”

சித்தியைக் கேட்டேன். “நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு என்ன நடந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப பள்ளிக்கூட விடுதியில தங்கிப் படிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் அவ எங்க இருந்தா, என்ன பண்ணினான்னு யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. கேட்டா அடிப்பாங்க.” அப்புறம் என்னை உத்துப் பார்த்தா. “ஏன், உங்கிட்ட சொன்னாளா?”

நடந்ததைச் சொன்னேன். சித்தி வாயில கையை வச்சுக்கிட்டா. என்னைத் திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

“அவகிட்ட இதைச் சொல்லிடாதடி. கேட்டேன், கோவம் இல்லைன்னு சொல்லிடு. இந்த ஆறு மாசம்தான் அவ நிம்மதியா சிரிச்சா. அதையும் பிடுங்கிடாத.”

நியாயம்தானே. நானும் அப்படித்தான் முடிவு பண்ணினேன்.

ஆனா அம்மா விடல. நான் உள்ள நுழையும்போதெல்லாம் காதைத் தொட்டுக் காட்டுவா. “சரி?” கருவியை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னேன். நாளைக்குன்னேன். அடுத்த வாரம்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் தப்பிக்க வழியில்ல. கருவி கெட்டுப் போச்சும்மா, எழுதினதைப் படிச்சுக் காட்டறேன்னு சொல்லிட்டேன்.

தினமும் சாயங்காலம் அம்மாவை அதே மேசைக்கு முன்னாடி உட்கார வச்சுப் படிச்சேன். ஐயோ, என்ன கண்றாவி எழுத்து! “தகவலாளர்: துணிகளைத் தரம் பிரிப்பது முதல் வேலையாகும்.” அம்மா எப்ப அப்படிப் பேசினா? அடச்சே, பாரு, கேளு, பாப்பா, எல்லாத்தையும் வடிகட்டித் தூக்கியிருந்தேன். படிக்கும்போது நானே அதையெல்லாம் திரும்பப் போட்டேன், நினைவிருந்த வரைக்கும். மேற்பார்வையாளரைத் திட்டின இடம் வந்தப்ப அம்மா சிரிச்சா. வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு.

பத்தாவது நாள் கடைசிக்கு முந்தின பக்கம். சித்தி கதவுகிட்ட நின்னு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா, தாண்டிடுன்னு. தாண்டத்தான் பார்த்தேன். அம்மா இடது கையைத் தாள் மேல வச்சு அமுக்கினா. இங்கதான், இங்க என்ன இருக்குன்னு கேட்கிறா. எனக்குப் பொய் சொல்லத் தோணல, படிச்சேன்.

“நாற்பத்தொண்ணுல இருந்து ஐம்பத்திரண்டு வரைக்கும். குடும்ப விஷயம். நீக்கப்பட்டது.”

அம்மா முகம் அப்படியே இளகிப் போச்சு. மேடம் கண்ணுல படாம நான் மறைச்சிருக்கேன்னு நினைச்சுட்டா. என் பொண்ணு என்னைக் காப்பாத்தியிருக்கான்னு. கையை எடுத்து என் கன்னத்துல வச்சா. “சரி”ன்னா, மெதுவா. நீ மட்டும் கேட்டியே, அது போதும்னு அர்த்தம். கை சூடா இருந்துச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். கேட்டேன்மா, கோவம் இல்லம்மா. ரெண்டு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தக் கை கன்னத்துல இருக்கும்போது என்னால முடியல.

“அம்மா, நான் கேட்கவே இல்லம்மா.”

சித்தி தலையில அடிச்சுக்கிட்டா.

“ஓட்டிவிட்டுட்டேன். அப்புறம் கேட்கலாம்னு விட்டுட்டேன். அழிச்சும் தொலைச்சுட்டேன். நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதும்மா.”

அம்மா கை கன்னத்துலயே நின்னுடுச்சு. என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. ஆறு மாசத்துச் சிரிப்பு ஒவ்வொண்ணா முகத்துல இருந்து இறங்கிப் போறதைப் பார்த்தேன். திட்டும்மா, அடிம்மான்னு அழுதேன். அவ கையை எடுத்து மேசை மேல வச்சா. தொண்டையைச் செருமினா, அன்னிக்குப் பதிவுல செருமின மாதிரியே.

“சரி”ன்னு ஆரம்பிச்சா.

எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. சொல்றா. மறுபடியும் முதல்ல இருந்து சொல்றா.

“சரி... சரி சரி. சரி.” நிறுத்தினா. யோசிச்சா. குரல் ஏறுச்சு, இறங்குச்சு. ஒரு இடத்துல வேற யாரோ பேசின மாதிரி கடுமையா சொன்னா. இன்னொரு இடத்துல கெஞ்சினா. மேசை உயரத்துக்குக் கையைக் காட்டினா. அது ஒரு பிள்ளையோட உயரமா, துணி மூட்டையோட உயரமா, எனக்குத் தெரியல. விரலை ஒவ்வொண்ணா மடிச்சு எண்ணினா. மாசமா, வருஷமா, ஆளா? ஜன்னலைக் காட்டினா, ரொம்ப தூரம்ங்கிற மாதிரி. நடுவுல அழுதா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சா. நான் குறுக்க ஒரு வார்த்தை பேசல. வாழ்க்கையில முதல் தடவையா, அம்மா பேச ஆரம்பிச்சதுல இருந்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம கேட்டேன்.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நான் பார்க்கல. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

முடிச்சுட்டு அம்மா களைச்சுப் போய் சாய்ஞ்சா. அப்புறம் என் பக்கம் திரும்பி, பயந்த மாதிரி, மெல்லக் கேட்டா.

“சரி?”

அது ஒண்ணு மட்டும் எனக்குப் புரிஞ்சுது. கோவம் இல்லையேன்னு கேட்கிறா.

“இல்லம்மா”ன்னேன். எதுக்குக் கோவம் இல்லைன்னு எனக்குத் தெரியல.